மார்க்சுக்குப் பின் வந்தவர்கள் எதைத் திருத்தினார்கள், எதை மறுத்தார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகவியல் முதுகலை படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. மார்க்ஸ் முடிந்து, ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் தொடங்கும் வாரத்தில் அதே கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். இதைத் தேர்வுக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சாய்வுகளும் இதில் இருக்கின்றன.

முதலில் மார்க்ஸ் என்னதான் சொன்னார்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

இரண்டு வரியில் முடியாது, ஒரு பத்தியில் முயல்கிறேன். மனிதர்கள் பிழைப்புக்கு வேண்டியதை எப்படி உற்பத்தி செய்கிறார்கள், அதற்கான நிலமும் கருவிகளும் ஆலைகளும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் ஒரு சமூகத்தின் அடித்தளம். சட்டம், அரசியல், மதம், கருத்துகள் எல்லாம் அந்த அடித்தளத்தின்மேல் எழும் மேற்கட்டுமானம். 1859இல் எழுதிய ஒரு முன்னுரையில் மார்க்ஸ் இதைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். முதலாளித்துவத்தில் உற்பத்திச் சாதனங்களை உடையவர்கள் ஒரு பக்கம், உழைப்புச் சக்தியை விற்றுப் பிழைப்பவர்கள் மறுபக்கம். தொழிலாளி தன் கூலிக்கு ஈடான மதிப்பைப் படைத்த பிறகும் உழைக்கிறான். அந்த உபரி முதலாளிக்குப் போகிறது. இந்த முரண்பாடு முற்றி, தொழிலாளர்கள் தங்களை ஒரு வர்க்கமாக உணர்ந்து, அமைப்பையே மாற்றுவார்கள்.

பின்னால் வந்த விமர்சனங்கள் எல்லாம் இந்தப் பத்தியின் ஏதோ ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டவைதான். எந்த வாக்கியம் என்று பார்த்துப் படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பொருளாதாரம்தான் காரணம் என்று மார்க்ஸ் சொன்னார் அல்லவா? அது எவ்வளவு மேலோட்டமான பார்வை!

இந்தப் புகாருக்கு முதல் பதில் மார்க்சோடு சேர்ந்து எழுதிய அவருடைய தோழர் எங்கெல்சிடமிருந்தே வந்துவிட்டது. 1890இல், மார்க்ஸ் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, யோசப் பிளாக் என்பவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வரலாற்றில் கடைசிக் கணக்கில் தீர்மானிப்பது நிஜ வாழ்க்கையின் உற்பத்தியும் மறுஉற்பத்தியும்தான், அதற்குமேல் மார்க்சும் நானும் எதுவும் சொன்னதில்லை என்கிறார். இளைஞர்கள் பொருளாதாரத்துக்கு அளவுக்கு மீறி அழுத்தம் கொடுப்பதில் தங்கள் இருவருக்கும் பங்குண்டு என்றும் ஒப்புக்கொள்கிறார். எதிராளிகள் அதை மறுத்ததால் நாங்கள் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று என்பது அவர் தரும் விளக்கம்.

ஆனால் ‘கடைசிக் கணக்கில்’ என்ற சொல் எவ்வளவு தூரம் தாங்கும்? 1960களில் பிரான்சின் மார்க்சியத் தத்துவவாதி அல்தூசர் இதைப் பிடித்துக்கொண்டார். அரசியலுக்கும் கருத்தியலுக்கும் தமக்கென்று ஓரளவு தன்னாட்சி உண்டு, ஒரு நிகழ்வைப் பல காரணங்கள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன, அந்தக் ‘கடைசிக் கணக்கின்’ தனித்த நேரம் ஒருபோதும் வருவதில்லை என்றார். நேர்மையான திருத்தம்தான். ஆனாலும் வராத நேரத்தை எதற்குக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

வெபர் மார்க்சின் எதிரிதானே?

பாடப்புத்தகங்கள் அப்படித்தான் மோதவிடுகின்றன. ‘மார்க்ஸ் பொருளாதாரம் என்றார், வெபர் மதம் என்றார்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், உண்மை கிடைக்காது. 1904–05இல் புராட்டஸ்டன்ட் அறம் பற்றி எழுதிய நூலின் முடிவிலேயே, ஒருபக்கப் பொருள்முதல்வாதத்தின் இடத்தில் ஒருபக்கக் கருத்துமுதல்வாதத்தை வைப்பது தன் நோக்கமில்லை என்று வெபர் எழுதிவிட்டார்.

அவருடைய உண்மையான திருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. சமூகத்தில் அதிகாரம் பங்கிடப்படுவது ஒரே வழியில் இல்லை, மூன்று வழிகளில் என்றார். சந்தையில் ஒருவருக்கு வாய்க்கும் நிலை வர்க்கம். மரியாதையும் வாழ்க்கைமுறையும் தருவது அந்தஸ்து. அதிகாரத்தைப் பிடிக்கத் திரளும் அமைப்பு கட்சி. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், விலகியும் இருக்கலாம். புதுப்பணக்காரனைப் பழைய குடும்பங்கள் பந்தியில் சேர்க்காததை மார்க்சின் சட்டகத்தில் விளக்கச் சுற்றிவளைக்க வேண்டும், வெபரின் சட்டகத்தில் ஒரே வரி போதும். வர்க்கத்துக்குள்ளேயும் சொத்தோடு கல்வியையும் தொழில்திறனையும் அவர் கணக்கில் சேர்த்தார். மருத்துவரும் துப்புரவுத் தொழிலாளியும் சம்பளம் வாங்குகிறவர்களே, ஆனால் சந்தையில் அவர்கள் நிற்கும் இடம் ஒன்றல்ல.

இரண்டே வர்க்கம்தான் மிஞ்சும் என்றார் மார்க்ஸ். நடுத்தர வர்க்கம் பெருத்துவிட்டதே?

மார்க்சின் ‘மூலதனம்’ நூலின் மூன்றாம் தொகுதியைக் கடைசிவரை புரட்டிப் பாருங்கள். ‘வர்க்கங்கள்’ என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் தொடங்கும். கூலித் தொழிலாளர், முதலாளி, நில உடைமையாளர் என்று மூன்று பெருவர்க்கங்களைச் சொல்லி, வர்க்கம் என்பதை எது ஆக்குகிறது என்ற கேள்வியைக் கேட்டு, ஒரு பக்கம் தாண்டியதும் கையெழுத்துப் பிரதி நின்றுவிடும். 1894இல் அதை வெளியிட்ட எங்கெல்ஸ், பிரதி இங்கே முறிகிறது என்று குறித்ததோடு சரி. நூறாண்டுச் சண்டைக்கு இடம்விட்டு வைத்தது அந்த ஒரு பக்கம்.

சண்டையை முதலில் தொடங்கியவர் கட்சிக்குள்ளேயே இருந்த எடுவார்ட் பெர்ன்ஷ்டைன். ஜெர்மானிய சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். இடைப்பட்ட அடுக்குகள் கரைந்துபோகவில்லை, கூட்டுப் பங்கு நிறுவனங்களால் சொத்துடையவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்கிறது என்று 1899இல் புத்தகமாகவே எழுதினார். கட்சி கொதித்தது. பிறகு 1951இல் அமெரிக்காவின் சி. ரைட் மில்ஸ், அலுவலகங்களில் வேலை பார்க்கும் வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பற்றி எழுதினார். பழைய நடுத்தர வர்க்கத்துக்குக் கடையோ நிலமோ சொந்தமாக இருந்தது. புதிய நடுத்தர வர்க்கத்துக்குச் சொந்தமாக இருப்பது வேலை மட்டும்தான். சொத்து என்ற அளவுகோலில் அவர்கள் தொழிலாளிகள், தங்களைப் பற்றிய நினைப்பில் இல்லை.

சரி, கம்பெனி மேலாளர் முதலாளியா, தொழிலாளியா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. இதற்கு இரண்டு பெரிய பதில்கள் உண்டு.

முதல் பதில் ரால்ஃப் டாரெண்டார்ஃபுடையது. நாஜி எதிர்ப்புக்காகப் பள்ளி வயதிலேயே முகாமில் அடைக்கப்பட்ட ஜெர்மானியர், பின்னாளில் லண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநர். பெரிய நிறுவனங்களில் பங்குகள் சிதறிக்கிடக்கின்றன, நடத்துவதோ சம்பள மேலாளர்கள் என்று அமெரிக்காவில் பெர்லியும் மீன்சும் 1932இலேயே காட்டியிருந்தார்கள். டாரெண்டார்ஃப் 1957இல் அதைத் தொடர்ந்தார். உடைமையும் கட்டுப்பாடும் பிரிந்துவிட்டால் வர்க்கத்தின் அடிப்படை உடைமையாக இருக்க முடியாது, அது அதிகாரம்தான் என்றார். கட்டளையிடுபவர்கள், கீழ்ப்படிபவர்கள் என்ற பிளவு ஆலை, அலுவலகம், சங்கம், கட்சி என்று எல்லா அமைப்பிலும் இருக்கிறது. ஆலையில் கைகட்டி நிற்பவர் சங்கத்தில் தலைவராக இருக்கலாம். ஆகவே மோதல் மறையாது, ஆனால் ஒரே பெரும் மோதலாகத் திரளவும் திரளாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலாளருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பது யார், பறிப்பது யார் என்று கேட்டால் பேச்சு மறுபடியும் உடைமையில் வந்து நிற்கிறது. உடைமையும் கட்டுப்பாடும் அவ்வளவு முழுமையாகப் பிரிந்துவிட்டன என்பதையே 1974இல் மாரிஸ் சைட்லின் கேள்விக்கு உட்படுத்தினார்.

இரண்டாவது பதில் எரிக் ஓலின் ரைட்டுடையது. இவர் மார்க்சியத்துக்குள் நின்றே திருத்தியவர். மேலாளர் எந்தப் பக்கம் என்று ஏன் அடித்துச் சொல்ல வேண்டும், அவர் இரண்டு பக்கமும் இழுக்கப்படும் இடத்தில்தான் இருக்கிறார் என்றார். உழைப்பை விற்கிறார், ஆனால் மற்றவர் உழைப்பைக் கட்டுப்படுத்துகிறார். இதற்கு ‘முரண்பட்ட வர்க்க இருப்பிடம்’ என்று பெயர் வைத்தார். பிறகு 1985இல் உற்பத்திச் சாதனங்கள், நிறுவன அதிகாரம், தொழில்திறன் என்ற மூன்று சொத்துகளை வைத்துப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை போட்டார். தொழில்திறனைச் சேர்த்ததும் வெபர் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது.

தொழிலாளர்கள் ஏன் புரட்சி செய்யவில்லை?

இருபதாம் நூற்றாண்டு மார்க்சியத்தில் பாதி இந்தக் கேள்விக்கான பதில்தான். 1926இல் கைது செய்யப்பட்ட இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்சி, முசோலினியின் சிறையில் குறிப்பேடுகள் நிறைய எழுதினார். ஆளும் வர்க்கம் தடியால் மட்டும் ஆள்வதில்லை, பள்ளி, தேவாலயம், பத்திரிகை வழியாகத் தன் பார்வையை எல்லாருடைய பொதுப்புத்தியாகவும் ஆக்கி, சம்மதம் வாங்கி ஆள்கிறது என்பது அவர் கண்டது. இதைத்தான் மேலாதிக்கம் (hegemony) என்கிறோம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்க்சியச் சிந்தனையாளர்கள் இன்னும் இருண்ட பதில் சொன்னார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன ஹார்க்ஹைமரும் அடோர்னோவும் சினிமாவையும் வானொலியையும் பார்த்து, பண்பாடே ஆலைச் சரக்காகிவிட்டது, ஓய்வுநேரமும் வேலையின் நீட்சியாகிவிட்டது என்றார்கள். 

எனக்கு கிராம்சியே நெருக்கம். அடோர்னோவைப் படித்தால் சினிமாக் கொட்டகையில் இருப்பவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கிராம்சியிடம் மக்கள் ஏமாளிகளாக இல்லை, பேரம் பேசுகிறவர்களாக இருக்கிறார்கள்.

வசதி வந்ததும் தொழிலாளி நடுத்தர வர்க்கமாகிவிடுகிறான், அவ்வளவுதானே?

1950களில் பிரிட்டனில் பலர் இப்படித்தான் பேசினார்கள். கோல்ட்தார்ப், லாக்வுட் முதலான சமூகவியலாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். லூட்டன் நகரில் ஒரு கார் ஆலை, ஒரு பேரிங் ஆலை, ஒரு ரசாயன ஆலை ஆகியவற்றில் நல்ல கூலி வாங்கிய 229 தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். 1968–69இல் மூன்று தொகுதிகளாக வந்த முடிவு இரண்டு தரப்புக்கும் ஏமாற்றம் தந்தது. அவர்கள் நடுத்தர வர்க்கத்தாரோடு பழகவில்லை, பெரும்பாலும் தொழிற்கட்சிக்கே வாக்களித்தார்கள். அதே நேரத்தில் பழைய சுரங்கக் குடியிருப்பின் தோழமையும் அவர்களிடம் இல்லை. வேலை என்பது வார முடிவில் வரும் கூலிக்கவர், வாழ்க்கை என்பது வீடு. தொழிற்சங்கமும் அவர்களுக்குக் கூலி உயர்த்தித் தரும் கருவி, அவ்வளவே.

சமூகவியலாளர் மைக்கேல் புரவாய் பெயரை எல்லாரும் சொல்கிறார்களே, அவர் என்ன செய்தார்?

ஆலைக்குள் போய் வேலை பார்த்தார். 1974இல் சிகாகோ பகுதியில் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவராகச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் வேலை பார்த்து ஆய்வு செய்த அதே ஆலை என்பது அவருக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் ஆய்வாளர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அங்கே செய்யும் உருப்படிக்கு ஏற்பக் கூலி. நிர்ணயித்த அளவில் 125 விழுக்காட்டை எட்டிவிட்டால் ‘தேறிவிட்டோம்’ என்று பொருள். 140ஐத் தாண்டிக் கணக்குக் காட்டினால் நிர்வாகம் நேரத்தைக் குறைத்துக் கூலிவிகிதத்தை இறக்கிவிடும் என்பதால், அதற்குமேல் செய்ததை ஒளித்துவைத்து, சரியில்லாத நாளில் எடுத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். கருவிக் கிடங்குக்காரரிடமும் சரக்கு இழுத்து வருபவரிடமும் நயமாகப் பேசி வேலையை வாங்க வேண்டும். மேற்பார்வையாளரும் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவார். இது ஒரு விளையாட்டாகவே நடந்தது. முதலில் அலட்சியமாகப் பார்த்த புரவாய், தானும் அந்த விளையாட்டில் மூழ்கிப்போனதை எழுதுகிறார்.

மற்ற சமூகவியலாளர்கள் தொழிலாளர்கள் ஏன் இன்னும் கடுமையாக உழைப்பதில்லை என்று கேட்டார்கள். அவர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக உழைக்கிறார்கள் என்று புரவாய் திருப்பிக் கேட்டார். விளையாடுகிறவன் விதிகளைக் கேள்வி கேட்பதில்லை. விளையாட வைத்தே உபரியும் கறக்கப்படுகிறது, அது கண்ணில் படாமலும் மறைக்கப்படுகிறது. கிராம்சி பள்ளியிலும் தேவாலயத்திலும் தேடிய சம்மதத்தை இவர் கடைசல் இயந்திரத்தின் பக்கத்திலேயே கண்டெடுத்தார். 1979இல் வந்த இந்த ஆய்வு, அதற்கு ஐந்தாண்டு முன் ஹாரி பிரேவர்மன் சொன்னதற்கும் திருத்தம். தொழிலாளியின் கைத்திறனைப் பிடுங்கித் திட்டமிடுவதை நிர்வாகம் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்றார் பிரேவர்மன். தானே செப்புவேலை செய்து வளர்ந்தவர் என்பதால் அவர் எழுத்தில் அந்த வலி தெரியும். ஆனால் தொழிலாளியின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் வேண்டுமென்றே தொடாமல் விட்டார்.

வீட்டில் அம்மா செய்யும் வேலை மார்க்சின் கணக்கில் எங்கே வருகிறது?

ஏறக்குறைய எங்கும் வருவதில்லை. தொழிலாளி மறுநாள் ஆலைக்குப் போக வேண்டுமானால் அவனுக்குச் சோறு, துணி, வீடு வேண்டும் என்பதை மார்க்ஸ் கூலியின் மதிப்பில் சேர்த்தார். ஆனால் அரிசி தானாகச் சோறாகிவிடுவதில்லையே. உலை வைப்பவர் யார்? 1970களில் மரியரோசா தல்லா கோஸ்தா, சில்வியா ஃபெதரிச்சி போன்ற பெண்ணியர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். உழைப்புச் சக்தி என்ற சரக்கை நாள்தோறும் உற்பத்தி செய்வதே வீட்டுவேலை, அதற்குக் கூலி கிடையாது என்றார்கள்.

ஹைடி ஹார்ட்மன் 1979இல் மார்க்சியத்துக்கும் பெண்ணியத்துக்கும் நடந்த கல்யாணத்தை ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய கல்யாணத்தோடு ஒப்பிட்டார். அதில் கணவனும் மனைவியும் ஒருவரே, அந்த ஒருவர் கணவர். அதேபோல் இங்கே அந்த ஒருவர் மார்க்சியம். முதலாளித்துவம் குறைந்த கூலி வேலைகள் என்ற காலியிடங்களை உண்டாக்குகிறது, அந்த இடங்களைப் பெண்கள் ஏன் நிரப்புகிறார்கள் என்பதை அதனால் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். மேலே சொன்ன லூட்டன் ஆய்வையே பாருங்கள். பேட்டி காணப்பட்ட 229 தொழிலாளர்களும் ஆண்கள்.

சாதியை மார்க்சியத்தால் விளக்க முடியுமா? சாதி வெறும் மேற்கட்டுமானமா?

இந்தக் கேள்வி வந்தால் வகுப்பு அரைமணி நேரம் நீளும். அம்பேத்கர் 1936இல் சோசலிஸ்டுகளைப் பார்த்தே பேசினார்: சாதி என்பது உழைப்பின் பிரிவினை மட்டுமன்று, உழைப்பாளிகளின் பிரிவினையும் ஆகும். ஆலையில் ஒன்றாக நிற்பவர்கள் தண்ணீர்க் குடத்தருகே தனித்தனியாக நின்றால், வர்க்க உணர்வு எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ் 1935இல் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொன்னார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாக இருந்தாலும், வெள்ளையர் என்ற மதிப்பு உளவியல் கூலியாகக் கிடைத்தது, அதனால் கறுப்புத் தொழிலாளியோடு அவர் சேரவில்லை.

நம் ஊரில் இதைக் கள ஆய்வாகச் செய்தவர் இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அக்கிரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து 1965இல் நூலாக வெளியிட்டார். அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊர் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. முன்பு சாதியில் உயர்ந்தவர்களே நிலமும் வைத்திருந்தார்கள், அதிகாரமும் வைத்திருந்தார்கள். அவர் போன காலத்தில் நிலம் கைமாறத் தொடங்கியிருந்தது, பஞ்சாயத்து அதிகாரம் பிராமணரல்லாதாரிடம் போயிருந்தது. வெபரின் மூன்று வழிகளும் பிரிந்து நடப்பதைக் காவிரிப் படுகையில் பார்க்க முடிந்தது.

ஆனால் அந்தப் பிரிவை மிகைப்படுத்தவும் கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று அதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொளுத்தியது கூலிக்காகவா, சாதிக்காகவா என்று பிரித்துக் கேட்பவரிடம், அந்தச் சேரியில் இரண்டையும் பிரித்து வைத்திருந்த சுவர் எது என்று கேட்கத் தோன்றுகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்கிறார். பண்பாடு எப்படி மூலதனமாகும்?

வீட்டில் புத்தக அலமாரி இருக்கும் பிள்ளைக்கும், வீட்டில் யாரும் படிக்காத பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தான் கொடுக்கிறார்கள். முதல் பிள்ளையின் பேச்சும் நடையும் ‘இயல்பான திறமை’யாகத் தெரிகிறது. அது பட்டமாகிறது, பட்டம் வேலையாகிறது, வேலை பணமாகிறது. சேர்த்துவைக்கவும் வாரிசுக்குக் கொடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் முடிவதால்தான் பூர்தியூ அதை மூலதனம் என்கிறார். மார்க்சியர்களின் புகார் ஒன்று உண்டு: மார்க்சிடம் மூலதனம் என்பது சுரண்டும் உறவு, பூர்தியூவிடம் அது கையிருப்பாகச் சுருங்கிவிட்டது. என் கணிப்பில் புகார் சரி, ஆனாலும் பூர்தியூ இல்லாமல் நுழைவுத் தேர்வுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

சோவியத் ஒன்றியம் விழுந்ததோடு இதெல்லாம் முடிந்துவிட்டது அல்லவா?

விமர்சகர்கள் அது விழும்வரை காத்திருக்கவில்லை. ராபர்ட் மிகேல்ஸ் 1911இலேயே, பெர்ன்ஷ்டைன் இருந்த அதே ஜெர்மானியக் கட்சியை ஆராய்ந்து, சமத்துவம் பேசும் அமைப்பும் ஒரு சிலர் கையில் போய்ச் சேரும் என்றார். யூகோஸ்லாவியத் தலைவர்களில் ஒருவராக இருந்த ஜிலாஸ், கட்சி அதிகாரிகளே புதிய வர்க்கமாகிவிட்டார்கள் என்று எழுதினார். 1957இல் புத்தகம் வெளியானபோது அவர் சிறையில் இருந்தார்.

புரட்சி ஏன் அங்கே வந்தது என்பது தனிக் கேள்வி. அமெரிக்கச் சமூகவியலாளர் தீடா ஸ்காச்போல் 1979இல் பிரான்ஸ், ரஷ்யா, சீனா மூன்றையும் ஒப்பிட்டார். மூன்றுமே வேளாண் நாடுகள். வெளிநாட்டுப் போட்டியின் நெருக்கடியில் அரசு நொறுங்கியது, விவசாயிகள் எழுந்தார்கள். அரசு என்பது முதலாளிகளின் கைக்கருவி மட்டுமில்லை, அதற்குச் சொந்த நலன்களும் உண்டு என்பது அவர் வலியுறுத்தியது.

எது நடந்தாலும் மார்க்சியரிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறதே? அப்படியானால் அது அறிவியல் எப்படி?

அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னதாக இதைச் சொல்வார்கள். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு. மார்க்சின் மூலக் கோட்பாடு சோதிக்கத்தக்கது, சோதனையில் அது தோற்றது, பின்பற்றியவர்கள்தான் ஒட்டுப்போட்டு அதைச் சோதிக்க முடியாததாக்கினார்கள் என்பதே பாப்பரின் குற்றச்சாட்டு. இதுவரை பார்த்த திருத்தங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். ரைட்டின் அட்டவணையை எண்களால் சோதிக்கலாம், அவரே பல நாடுகளில் கணக்கெடுப்பு நடத்திச் சோதித்தார். அல்தூசரின் ‘கடைசிக் கணக்கை’ எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வில் ‘மார்க்சின் வர்க்கக் கோட்பாட்டை விமர்சன நோக்கில் மதிப்பிடுக’ என்று வந்தால் என்ன எழுதுவது?

பதினைந்து பெயர்களை அடுக்காதீர்கள். ஒரு வேலையிடத்தை எடுத்துக்கொண்டு, முதல் பதிலில் உள்ள மார்க்சையும் இரண்டு விமர்சகர்களையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் அப்பாவின் லேத் பட்டறையைப் பற்றி எழுதினாள். இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறார், தானும் காலையிலிருந்து இரவு வரை இயந்திரத்தின்முன் நிற்கிறார், வேலை தரும் பெரிய நிறுவனம் சொல்வதுதான் விலை. ரைட்டின் அட்டவணையில் ‘சிறு முதலாளி’ என்று அவரைப் போட்டிருந்தாள். அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு, மாதத் தவணை கட்டும் தேதியில் வந்து இதைச் சொல் என்றாராம். கடனை எந்தக் கட்டத்தில் போடுவது என்று வகுப்பில் அன்று இரவு எட்டு மணிவரை பேசினோம். காவலாளி வந்து விளக்கை அணைத்துவிட்டார்.